கண்ணுக்குள் எத்தனை ஊசி?

கேட்டராக்ட் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. தெருவுக்கு நாலு பேராவது ஆபரேஷன் செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கிளாக்கோமா என்றால் பாதிப் பேருக்குத் தெரியும். 'மாகுலா' என்று கேட்டுப் பாருங்கள், ஏதோ வெளிநாட்டு ஊர்ப் பெயரைக் கேட்ட மாதிரி விழிப்பார்கள்! ஆனால் அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் வயதானவர்களின் பார்வை பறிபோவதற்கு முக்கியமான காரணம் இந்த மாகுலாவில் வரும் சிதைவுதான்.

2000-களின் நடுப்பகுதி வரை இதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான வைத்தியம் இல்லை. பிறகு வந்தது. மருந்தை மாத்திரையாகவோ சொட்டாகவோ கொடுப்பதில்லை. நேராகக் கண்ணுக்குள் ஊசியால் போடுகிறார்கள். அதுவும் ஒருமுறை போட்டு முடிகிற விஷயம் கிடையாது. திரும்பத் திரும்பப் போடவேண்டும். எத்தனை முறை? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் எந்தக் கம்பெனி மருந்து என்பதைவிட, பல ஆயிரம் பேரின் பார்வையைத் தீர்மானித்தது இந்த எண்ணிக்கைதான்.

முதலில் மாகுலா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கண்ணை கேமரா என்று வைத்துக்கொண்டால், ஃபிலிம் இருக்கவேண்டிய இடத்தில் இருப்பது விழித்திரை. அதன் நடுவில் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம், லேசான மஞ்சள் நிறத்தில். 'மஞ்சள் புள்ளி' என்று பொருள்படும் லத்தீன் பெயரின் சுருக்கம்தான் மாகுலா. பேப்பர் படிப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, எதிரில் வருகிறவரை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது, எல்லாம் இந்தச் சின்ன வட்டத்தின் வேலை. இது கெட்டுப்போனால் முழு இருட்டு வருவதில்லை. ஓரப்பார்வை இருக்கும், சுவரில் மோதாமல் நடமாடலாம். எதை உற்றுப் பார்க்கிறோமோ அது மட்டும் தெரியாது! பேரனின் காது தெரியும், முகம் தெரியாது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய கொடுமை என்று புரியும்.

வயதானால் வரும் இந்தச் சிதைவில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு உண்டு. பெரும்பாலோருக்கு வருவது உலர் வகை. மெதுவாக, வருடக்கணக்கில் நகரும். ஈர வகை நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் வரும் என்றாலும், மோசமான பார்வை இழப்பில் பெரும்பங்கு அதனுடையது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக் குழாய்ப் படலத்திலிருந்து வேண்டாத புதுக் குழாய்கள் முளைத்து, மாகுலாவுக்கு அடியில் ஊடுருவும். அவசரத்தில் கட்டிய வீடு மாதிரி அவை உறுதியில்லாதவை, ஒழுகும். அந்த நீரும் ரத்தமும் தேங்கி விழித்திரையை மேடாக்கிவிடும். அப்போது கதவு நிலை வளைந்து தெரியும், நோட்டில் உள்ள கோடுகள் அலை அலையாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பான இடத்தில் பார்வை திரும்ப வராது. இந்தக் கடைசி வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முன்பெல்லாம் லேசரால் அந்தக் குழாய்களைச் சுட்டுப் பொசுக்கினார்கள். குழாயோடு சேர்ந்து விழித்திரையும் பொசுங்கும்! 2000-இல் வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தை ரத்தத்தில் ஏற்றி, கண்ணில் ஒளியைப் பாய்ச்சி அதைத் தூண்டும் முறை வந்தது. பார்வை குறையும் வேகத்தை அது குறைத்தது, அவ்வளவுதான். போன பார்வையை மீட்க வழியே இல்லை என்று டாக்டர்களே கையை விரித்த காலம் அது.

விடிவு வந்தது புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து. கட்டி வளர வேண்டுமானால் அதற்குப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும், அந்தக் குழாய்களைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-இல் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அந்தக் குழாய்களை முளைக்க வைக்கும் புரதங்களில் முக்கியமான ஒன்றை 1989-இல் ஜெனன்டெக் கம்பெனியில் நெப்போலியோனே ஃபெராரா பிரித்தெடுத்தார். அதன் பெயர் சுருக்கமாக வி.இ.ஜி.எஃப். அதைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடிதான் பெவசிசுமாப், கடைப்பெயர் அவாஸ்டின். 2004-இல் குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே கம்பெனி கண்ணுக்கென்று அதே குடும்பத்தில் ஒரு சின்ன மூலக்கூறையும் செய்தது. அது ரானிபிசுமாப், கடைப்பெயர் லூசென்டிஸ். 2006 ஜூனில் அதற்கும் அனுமதி கிடைத்தது.

இங்கே ஒரு சுவாரஸ்யமான ஆளைச் சொல்லியாக வேண்டும். மயாமி நகரின் பாஸ்கம் பால்மர் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஃபிலிப் ரோசன்ஃபெல்ட். லூசென்டிஸ் அனுமதி பெறுவதற்கு முன்பே, 2005-இல், புற்றுநோய் மருந்தான அவாஸ்டினைத் துளியளவு எடுத்து நோயாளியின் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தவர். வேலை செய்தது! ஒரு பாட்டில் அவாஸ்டினைப் பல ஊசிகளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பதால் விலை எங்கேயோ இறங்கிவிட்டது. ஒரு ஊசி லூசென்டிஸ் சுமார் 2000 டாலர், ஒரு ஊசி அவாஸ்டின் சுமார் 50 டாலர். இந்த விலைச் சண்டை ஒரு தனிக் கதை, இத்தாலியில் 2014-இல் இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு அபராதம் போடும் அளவுக்குப் போனது. இங்கே அது வேண்டாம். ஊசி எண்ணிக்கைக்கு வருவோம்.

லூசென்டிஸுக்கு அனுமதி வாங்கித் தந்த இரண்டு பெரிய சோதனைகள் மரீனா, ஆங்கர். இரண்டும் 2006 அக்டோபரில் வெளிவந்தன. மரீனாவில் 716 நோயாளிகள். மாதம் தவறாமல் ஒரு ஊசி, இரண்டு வருடம். ஒரு பிரிவினருக்குப் பொய் ஊசி, அதாவது ஊசியில்லாத சிரிஞ்சின் முனையைக் கண்ணில் அழுத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்த மாதிரி சோதனைகளில் பார்வையை 'எழுத்து'க் கணக்கில் அளப்பார்கள். சார்ட்டில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்து. பதினைந்து எழுத்து கூடினால் மூன்று வரி கூடியதாக அர்த்தம். அது அன்றாட வாழ்க்கையில் நன்றாகவே தெரியும் வித்தியாசம்.

ஒரு வருட முடிவில், 0.5 மில்லிகிராம் மருந்து போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 7.2 எழுத்து கூடுதலாகப் படித்தார்கள். பொய் ஊசிக்காரர்கள் 10.4 எழுத்து இழந்தார்கள். இரண்டு வருடத்தில் கணக்கு +6.6, -14.9. ஆங்கர் சோதனையில் ஒரு வருடத்தில் +11.3. வருடக்கணக்காக 'எவ்வளவு மெதுவாகக் குறைகிறது' என்று மட்டுமே பார்த்துப் பழகிய டாக்டர்களுக்கு, கூடுகிறது என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்!

ஆனால் இரண்டு வருடத்தில் 24 ஊசி. அதுவும் கண்ணில்.

கண்ணில் ஊசி என்றதும் அடிவயிறு கலங்குவது இயல்புதான். உண்மையில் ஊசி போடும் நேரம் சில வினாடிகள். மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள், அயோடின் கலந்த கிருமிநாசினி விடுவார்கள், இமைகளை ஒரு கம்பியால் விலக்கி வைப்பார்கள். பிறகு கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் மெல்லிய ஊசியால் 0.05 மில்லி மருந்து. பலருக்கு வலியைவிட மறுநாள் வரை இருக்கும் அயோடின் உறுத்தல்தான் பெரிய தொந்தரவு. ஆபத்து இல்லாமல் இல்லை. சில ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற கணக்கில் கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும். வந்தால் கண்ணே போகலாம்.

ஏன் ஒருமுறை போட்டால் போதாது என்று கேட்கலாம். மருந்து அந்தக் குழாய்களை அழிப்பதில்லை, அவற்றைத் தூண்டும் புரதத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கண் அந்தப் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குள் போன ரானிபிசுமாபில் பாதி ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெளியேறிவிடும். ஒழுகும் குழாயைக் கையால் பொத்திப் பிடிக்கிற மாதிரி. கையை எடுத்தால் மறுபடி சொட்டும். எத்தனை நாள் கழித்துச் சொட்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஐந்து வாரம், சிலருக்கு மூன்று மாதம். அதை முன்கூட்டியே சொல்லிவிடும் பரிசோதனை நடைமுறையில் இல்லை. போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே எல்லோரும் ஊசியைக் குறைக்க வழி தேடினார்கள். முதல் முயற்சி பையர் என்ற சோதனை. 184 பேர். முதல் மூன்று மாதம் மாதாமாதம், அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. முதல் மூன்று மாதத்தில் பார்வை அழகாக ஏறியது. ஊசி தள்ளிப்போக ஆரம்பித்ததும் இறங்க ஆரம்பித்தது. ஒரு வருட முடிவில் -0.2 எழுத்து. தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார்கள்! அதே மருந்து, அதே அளவு, இடைவெளி மட்டும் வேறு. பொய் ஊசி போட்டவர்களுக்கு -16.3 என்பதால், இதுவும் ஒரு லாபம்தான் என்று சொல்லலாம். ஆனால் மரீனாவில் கிடைத்த அந்த ஏழு எழுத்து எங்கே போயிற்று? போன இடம் நாட்காட்டியில்தான் இருக்கிறது.

இதே சோதனையில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பொய் ஊசிக் குழுவினருக்குப் பிற்பாடு உண்மையான மருந்தைக் கொடுத்தார்கள். இழந்த பார்வை திரும்பவில்லை. தழும்பு விழுந்த பிறகு மருந்து வந்து என்ன செய்யும்?

அடுத்து ரோசன்ஃபெல்டின் குழு மயாமியில் 40 பேரை வைத்து வேறு விதமாக முயன்றது. ப்ரோன்டோ என்று பெயர். முதல் மூன்று ஊசிக்குப் பிறகு மாதாமாதம் ஓ.சி.டி. ஸ்கேன் எடுப்பது, விழித்திரையில் நீர் தெரிந்தால் மட்டும் ஊசி போடுவது. ஒரு வருடத்தில் சராசரி 5.6 ஊசி, +9.3 எழுத்து. மாதாமாதம் போட்டவர்களுக்குக் குறையாத பலன், பாதி ஊசியில்! கண் மருத்துவ உலகமே இதைப் பிடித்துக்கொண்டது. 'தேவைப்பட்டால் மட்டும்' என்ற முறை ஊரெங்கும் பரவியது.

இதைப் பெரிய அளவில் சரிபார்த்தது கேட் என்ற சோதனை. அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பணம் கொடுத்தது, க்ளீவ்லேண்ட் கிளினிக்கின் டேனியல் மார்ட்டின் தலைமை, 1208 நோயாளிகள். 2011-இல் வந்த முதல் வருட முடிவைப் பெரும்பாலோர் விலைக்காகத்தான் படித்தார்கள், ஏனென்றால் 50 டாலர் அவாஸ்டினும் 2000 டாலர் லூசென்டிஸும் ஏறக்குறைய சமம் என்று அது சொன்னது. மாதாமாதம் போட்டதில் முறையே +8.0, +8.5. ஆனால் அதே அட்டவணையில் அடுத்த வரி: தேவைப்பட்டால் மட்டும் போட்டதில் +5.9, +6.8. இரண்டு வருடக் கணக்கில், 'தேவைப்பட்டால்' முறை மாதாமாத முறையைவிட சராசரி 2.4 எழுத்து பின்தங்கியது. முதல் வருடம் மாதாமாதம் போட்டு, இரண்டாவது வருடம் 'தேவைப்பட்டால்' என்று மாற்றப்பட்டவர்கள், மாறாமல் தொடர்ந்தவர்களைவிட 2.2 எழுத்து பின்தங்கினார்கள்.

இரண்டரை எழுத்து என்பது அரை வரி. நேர்மையாகச் சொன்னால் இது பெரிய நஷ்டம் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஊசி மிச்சமாகிறது என்றால் பலர் சந்தோஷமாக அரை வரியைக் கொடுத்துவிடுவார்கள். அப்படியானால் பிரச்சினை எங்கே?

பிரச்சினை, கேட் சோதனையில் 'தேவைப்பட்டால்' குழுவில் இருந்தவர்களும் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்பதில் இருக்கிறது. ஊசி குறைந்தது, வருகை குறையவில்லை. மாதாமாதம் ஸ்கேன் எடுத்து, துளி நீர் தெரிந்தாலும் அன்றைக்கே ஊசி. வெளியுலகம் இந்த முறையிலிருந்து 'ஊசி குறைவு' என்ற பாதியை எடுத்துக்கொண்டது, 'மாதாமாதம் பார்க்கவேண்டும்' என்ற மறுபாதியைக் கோட்டைவிட்டது. நீர் கோத்து, பார்வை மங்கி, நோயாளியே உணர்ந்து, அப்பாயின்ட்மென்ட் வாங்கி வருவதற்குள் ஆறு வாரம் ஓடியிருக்கும்.

விளைவு? ஆரா என்ற ஆய்வு எட்டு நாடுகளில் 2227 நோயாளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து 2015-இல் வெளிவந்தது. இது சோதனை அல்ல, சாதாரண ஆஸ்பத்திரிகளில் நிஜமாக நடந்தது. முதல் வருடம் சராசரி 5.0 ஊசி, இரண்டாவது வருடம் 2.2. பார்வை முதல் வருடம் +2.4, இரண்டாவது வருட முடிவில் +0.6. கிட்டத்தட்ட பையர் சோதனையின் கதைதான்! எட்டு நாடுகளில் அதிக ஊசி போட்டது பிரிட்டன், இரண்டு வருடத்தில் சராசரி 9.0. அங்கே இரண்டு வருட முடிவில் +4.1 எழுத்து மிஞ்சியது.

பிரிட்டனும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கே 2008-இல் அரசு மருத்துவத்தில் இந்த மருந்தைச் சேர்த்தபோது, ஒரு கண்ணுக்கு முதல் 14 ஊசிக்கு அரசு பணம் கொடுக்கும், அதற்கு மேல் போனால் கம்பெனியின் செலவு என்று ஒரு வினோத ஒப்பந்தம் போட்டார்கள். பணம் தடையில்லாத அந்த நாட்டிலும், 14 ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் பதிவுகளிலிருந்து 92,976 ஊசிகளை எடுத்துப் பார்த்தபோது, பார்வை முதல் வருடம் +2, இரண்டாவது வருடம் +1, மூன்றாவது வருடம் -2 என்று இறங்கிக்கொண்டே போனது. அமெரிக்காவில் 49,485 கண்களின் கணக்கு 2020-இல் வெளிவந்தது. வருடத்துக்குச் சராசரி 7.3 ஊசி, கிடைத்தது +1.0 எழுத்து. ஒன்றே ஒன்று! நான்கு ஊசியிலிருந்து பத்து ஊசி வரை, ஊசி கூடக்கூட எழுத்தும் ஏறக்குறைய நேர்கோட்டில் கூடியது என்றும் அதே ஆய்வு சொன்னது.

இந்த எண்களை அப்படியே விழுங்கவும் கூடாது. பதிவேட்டு ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. குறைவாக ஊசி போட்டவர் ஏன் குறைவாகப் போட்டார்? நோய் சாதுவாக இருந்ததாலா? தழும்பு விழுந்து இனிப் பயனில்லை என்று டாக்டரே நிறுத்தியதாலா? வர முடியாததாலா? மூவரும் ஒரே அட்டவணையில் ஒரே எண்ணாக உட்கார்ந்திருப்பார்கள். 'கூடிய எழுத்து' என்ற அளவுகோலும் ஏமாற்றும். நல்ல பார்வையோடு சீக்கிரமே சிகிச்சைக்கு வந்தவருக்குக் கூட இடமே இல்லை, ஓரிரு எழுத்து இழக்கக்கூடச் செய்வார். ஆனால் கடைசியில் நன்றாகப் பார்ப்பவர் அவர்தான். மோசமான நிலையில் வந்தவருக்கு இருபது எழுத்து கூடினாலும் பேப்பர் படிக்க வராது. சராசரி எண்ணில் இரண்டாமவர் ஜெயித்த மாதிரி தெரியும்!

ஆனாலும் ஊசி குறைந்தால் பார்வை குறைகிறது என்ற அடிப்படை விஷயத்தில் சந்தேகமில்லை. ஏனென்றால் பையரிலும் கேட்டிலும் யாருக்கு எத்தனை ஊசி என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். நோய் சாதுவாக இருந்தது, வர முடியவில்லை என்ற சாக்கெல்லாம் அங்கே செல்லாது.

சரி, ஏன் வருவதில்லை? இந்த நோயாளிகள் பெரும்பாலும் எழுபத்தைந்து, எண்பது வயதுக்காரர்கள். தனியாக வர முடியாது, அதுவும் பார்வை மங்கியவர், ஊசிக்குப் பிறகு கண் கலங்கியிருக்கும். கூட ஒருவர் வரவேண்டும், அவர் லீவு போடவேண்டும். இடையில் சர்க்கரை ஏறும், இடுப்பு எலும்பு முறியும், கணவனோ மனைவியோ போய்ச் சேர்ந்துவிடுவார். எத்தனை மாதம்தான் பிள்ளைகளைத் தொந்தரவு செய்வது என்று அவர்களே வாயை மூடிக்கொள்வார்கள். 'எனக்கு இப்போ நல்லாத்தான் தெரியுது' என்று பொய் சொல்லும் பெரியவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

பணம் இன்னொரு பக்கம். இந்தியா போன்ற நாடுகளில் பலர் கைக்காசு போட்டுத்தான் ஊசி வாங்க வேண்டும். அதனால்தான் அவாஸ்டின் இங்கே இவ்வளவு புழங்குகிறது. 2015-இல் அகமதாபாத்தின் இன்டாஸ் கம்பெனி ரசுமாப் என்ற பெயரில் ரானிபிசுமாபின் நகலைக் கொண்டுவந்தது. உலகிலேயே அந்த மருந்துக்கு அனுமதி பெற்ற முதல் நகல் அதுதான். விலை குறைந்தால் ஒரு தடை குறையும். மகனின் லீவு, பஸ் பயணம், நாள் முழுக்கக் காத்திருப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது மனதின் கணக்கு. மூன்று ஊசிக்குப் பிறகு நன்றாகத் தெரிய ஆரம்பித்தவர், 'சரியாகிவிட்டது, இனி எதற்கு?' என்று நிற்கிறார். மூன்று ஊசிக்குப் பிறகும் மாற்றம் தெரியாதவர், 'பலனே இல்லை, இனி எதற்கு?' என்று நிற்கிறார். இரண்டு பேரும் தவறு. முதலாமவருக்கு ஏறிய பார்வை இறங்கும். இரண்டாமவர் கூடவில்லை என்று வருத்தப்படுகிறார், ஆனால் ஊசி இல்லையென்றால் மரீனாவின் பொய் ஊசிக்காரர்களைப் போல இரண்டு வருடத்தில் மூன்று வரி போயிருக்கும். குறையாமல் இருப்பது கண்ணுக்குத் தெரியாத லாபம். நடக்காமல் போன ஒன்றுக்காக மாதாமாதம் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள ஒருவரைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமா? முதல் நாளே 'இது ரத்த அழுத்த மாத்திரை மாதிரி, கோர்ஸ் முடிந்தது என்று ஒன்று கிடையாது' என்று சொல்லாமல் விடுகிற டாக்டர்கள்மேலும் பாதிப் பழியைப் போடலாம்.

இந்த இடத்தில்தான் மூன்றாவது வழி ஒன்று வருகிறது. 'ட்ரீட் அண்ட் எக்ஸ்டெண்ட்', அதாவது போட்டுக்கொண்டே தள்ளிப்போடுவது. ஒவ்வொரு முறை வரும்போதும் ஊசி உண்டு. கண் காய்ந்திருந்தால் அடுத்த முறை நாலு வாரத்துக்குப் பதில் ஆறு வாரம், பிறகு எட்டு வாரம். நீர் தெரிந்தால் இடைவெளியைச் சுருக்குவது. 'தேவைப்பட்டால்' முறையில் நீர் வந்த பிறகு துரத்துகிறார்கள், இதில் வருவதற்கு முன்பே போய் நிற்கிறார்கள். இன்னொரு வசதி, வருகிற நாளெல்லாம் ஊசி நாள். வெறும் ஸ்கேனுக்காக மகன் லீவு போடவேண்டியதில்லை. கனடாவில் 580 பேரை வைத்து நடந்த சோதனையில், இரண்டு வருடத்தில் இந்த முறையில் சராசரி 17.6 ஊசி, +6.8 எழுத்து; மாதாமாதம் போட்டவர்களுக்கு 23.5 ஊசி, +6.0 எழுத்து. ஆறு ஊசி குறைந்தும் ஒன்றும் குறையவில்லை. இது சோதனைக்கூடத்துக்கு மட்டும் சரி என்று யாராவது சொன்னால், ஆஸ்திரேலியாவின் நிஜ ஆஸ்பத்திரிப் பதிவுகள் இருக்கின்றன. 1198 கண்கள், இரண்டு வருடத்தில் சராசரி 13 ஊசி, 56.5 எழுத்திலிருந்து 61.8 எழுத்து.

இன்னொரு ஆஸ்திரேலியச் சோதனை 349 பேரிடம் வேறொன்றைக் கண்டுபிடித்தது. விழித்திரைக்கு அடியில் கொஞ்சமே கொஞ்சம் நீர் இருந்தால் பதறாமல் விட்டுவைத்தார்கள். இரண்டு வருடத்தில் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே கடைசிச் சொட்டுவரை காயவைத்தே தீருவேன் என்று மல்லுக்கட்டவும் வேண்டாம் போலிருக்கிறது.

நிறைய ஊசி போட்டால் எல்லாம் சுபம் என்றும் முடித்துவிட முடியாது. கேட் சோதனையில் மாதாமாதம் போட்டவர்களின் விழித்திரையில் திட்டுத்திட்டாகத் தேய்வு ஏற்படுவது கொஞ்சம் அதிகமாக இருந்தது. அது மருந்தின் வேலையா, நோயின் இயல்பான போக்கா என்று டாக்டர்களுக்குள் வாதம் ஓய்ந்தபாடில்லை. நீண்ட காலக் கணக்கும் தெம்பூட்டுவதாக இல்லை. மரீனா, ஆங்கர் நோயாளிகளில் 65 பேரை ஏழு வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, சிகிச்சை தொடங்கிய நாளைவிடச் சராசரி 8.6 எழுத்து குறைவாகப் படித்தார்கள். சோதனைக் காலம் முடிந்த பிறகு, சராசரி மூன்றேகால் வருடத்துக்கும் மேல் அவர்களுக்குக் கிடைத்தது 6.8 ஊசிதான்! அதே காலத்தில் 11 ஊசியோ அதற்கு மேலோ போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். கேட் நோயாளிகளை ஐந்து வருடத்தில் பார்த்தபோது தொடக்கத்தைவிட 3 எழுத்து குறைவு. ஆனால் பாதிப் பேருக்கு 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது. சின்ன எழுத்து படிக்க, டிவி பார்க்க அது தாராளம். பழைய காலத்தில் இந்த நோயோடு ஐந்து வருடம் கழித்து இப்படி ஒரு எண்ணைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

2020-இல் கொரோனா ஊரடங்கு வந்து யாரும் திட்டமிடாத ஒரு சோதனையை உலகம் முழுக்க நடத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, அல்லது போக வழியில்லாமல், ஊசியைத் தவறவிட்டவர்கள் ஏராளம். பல நாடுகளிலிருந்து வந்த அறிக்கைகள் ஒரே கதையைச் சொல்லின: இரண்டு, மூன்று மாத இடைவெளியில் நீர் கோத்துக்கொண்டது, பார்வை குறைந்தது, மறுபடி ஊசி போட்டதும் நீர் வற்றியது, போன எழுத்துகள் மட்டும் எல்லோருக்கும் திரும்பவில்லை.

கம்பெனிகளுக்கும் இது புரிந்துவிட்டது. 2011-க்குப் பிறகு வந்த மருந்துகளின் விளம்பரத்தைப் பார்த்தால், 'எங்கள் மருந்தில் பார்வை அதிகம் கூடும்' என்பதைவிட 'எங்கள் மருந்தில் ஊசி குறைவு' என்பதுதான் கோஷம். அப்லிபெர்செப்ட், முதல் மூன்று ஊசிக்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. 2019-இல் வந்த ப்ரோலுசிசுமாப் மூன்று மாதம் வரை தாங்கும் என்றார்கள்; அடுத்த வருடமே சிலருக்கு விழித்திரை ரத்தக் குழாய்களில் அழற்சி வந்து பார்வை போனதாகச் செய்தி வர, டாக்டர்கள் பின்வாங்கினார்கள். 2022-இல் ஃபாரிசிமாப், பலருக்கு நான்கு மாத இடைவெளி. 2023-இல் நான்கு மடங்கு அளவில் அப்லிபெர்செப்ட்.

இன்னும் ஒரு படி மேலே போய், அரிசி அளவில் ஒரு சின்னக் குப்பியைக் கண்ணின் சுவரில் பொருத்தி, அதில் மருந்தை நிரப்பி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ரீஃபில் செய்யும் முறைக்கு 2021 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரே வருடத்தில், ரீஃபில் செய்யும் மூடி உள்ளே கழன்று விழும் கோளாறால் திரும்பப் பெற்றார்கள். சரிசெய்து 2024-இல் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். கண்ணே அந்த மருந்தைத் தயாரித்துக்கொள்ளும்படி மரபணுவைச் செலுத்தும் சிகிச்சைகள் சோதனைக் கட்டத்தில் இருக்கின்றன. அதுவரை கணக்கு பழையதுதான்: மருந்து ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் தயாராக இருக்கிறது, ஆறாவது வாரம் அந்தப் பெரியவரை யார் கூட்டிக்கொண்டு வருவது?